பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கூடியது புகையாலா, புழுதியே படாமல் வளர்த்ததாலா?

மருதநிலத்தான்:
ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரப் பள்ளிகளில் 1964இலும் 1989இலும் கணக்கெடுத்தார்கள். வீசிங் (மூச்சில் விசில்போல் சத்தம்) உள்ள பிள்ளைகள் 10.4 விழுக்காட்டிலிருந்து 19.8 ஆகியிருந்தார்கள். 25 ஆண்டுகளில் பரம்பரை மாறிவிடாது. பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் காரணம் என்பேன். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு பார்த்தபோது, கிழக்கே புகை மண்டிய லைப்சிக் நகரைவிட மேற்கே மூனிக்கில்தான் ஆஸ்துமா அதிகம்!

தென்லண்டன் தாய்:
லைப்சிக் பிள்ளைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி அதிகம் இருந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள், ஐயா? அந்தப் புகை அவர்களைச் சும்மா விடவில்லை. அதுவும் நிலக்கரிப் புகை. இங்கே என் மகன் இழுப்பது டீசல் புகை. லூயிஷத்தில் பெருஞ்சாலையோரம் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி 2013இல் 9 வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று 2020இல் மரண விசாரணையில் தீர்ப்பானது. நள்ளிரவில் பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிவதைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சுத்திணறலுக்கான நீல இன்ஹேலரை மருந்து இழுக்கும் குழலில் செருகி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஐந்து மூச்சு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மருதநிலத்தான்:
உங்கள் வேதனை புரிகிறது, சகோதரி. ஆனால் இருக்கும் நோய் முற்றுவது வேறு, புதிதாக நோய் வருவது வேறு. அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் மக்கள் இருவரும் ஐரோப்பாவிலிருந்து போன உழவர்கள்தாம். ஆமிஷ் பிள்ளைகள் மாட்டுத் தொழுவத்திலேயே வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீட்டுக்குத் தள்ளி இருப்பவை. ஆஸ்துமா முதல் கூட்டத்தில் 5 விழுக்காடு, இரண்டாவதில் 21. 2016இல் வந்த ஆய்வு இது.

செவிலி:
பிள்ளைகளின் பக்கத்தில் பிடிக்கும் சிகரெட்டை இருவருமே மறந்துவிட்டீர்கள். ஸ்காட்லாந்தில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடிக்கொண்டிருந்தார்கள். 2006இல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபின் ஆண்டுக்கு 18 விழுக்காடு குறைந்தார்கள்.

தென்லண்டன் தாய்:
புதிதாக வரும் நோய்க்கும் சான்று இருக்கிறது, ஐயா. தெற்குக் கலிபோர்னியாவில் 1993 முதல் இருபது ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றில் குறையக் குறைய, புதிதாக ஆஸ்துமா வருவதும் குறைந்தது.

மருதநிலத்தான்:
அதற்கு என்னிடம் மறுப்பில்லை. தொழுவத்தையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தென்லண்டன் தாய்:
விட வேண்டாம். விடுமுறையில் மகனைப் பண்ணைக்கு அழைத்துப்போகிறேன். அதுவரை அவன் பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்துக்கிடக்கும் கார்களை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.