அவசரம்: ஆப் இல்லாமல் கப்பலில் ஏற விடமாட்டார்களா?

அவசரக்குடுக்கை | வியாழன், இரவு 11:42

நண்பர்களே, அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை கப்பல் ஏறுகிறார்கள். உல்லாசக் கப்பல். ஆப் கட்டாயம் என்று மெயில் வந்திருக்கிறது. ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன், வரமாட்டேன் என்கிறது. ஆப் இல்லாமல் ஏற விடுவார்களா, மாட்டார்களா? அப்பாவிடம் பட்டன் போன்தான், மாற்றவும் மாட்டார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நங்கூரம் | இரவு 11:51

எந்தக் கம்பெனி, எந்தக் கப்பல், எத்தனை நாள்? "வரமாட்டேன்" என்றால் என்ன? இறங்கவில்லையா, இறங்கித் திறக்கவில்லையா, திறந்து லாகின் ஆகவில்லையா? மூன்றும் மூன்று வியாதி. ஒரே மருந்து கொடுக்க முடியாது.

திருப்புளி | இரவு 11:58

கேட்கவே வேண்டாம், தனிப்பட்ட டிஎன்எஸ். டிஎன்எஸ் என்றால் தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைப் பார்த்துச் சொல்லும் இணையக் குறிப்பேடு. கப்பல் வைஃபையில் சேர்ந்ததும் முதலில் ஒரு லாகின் பக்கம் வர வேண்டும். நாம் எந்தத் தளத்தைத் தேடினாலும் கப்பலின் கணினி "முதலில் இங்கே வா" என்று அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். போனில் தனிப்பட்ட டிஎன்எஸ் போட்டு வைத்திருந்தால் அது கப்பல் சொல்லும் முகவரியைக் காதிலேயே வாங்காது. பக்கம் வராது, ஆப்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள். விபிஎன் இருந்தால் அதையும்.

மேல்தளம் | வெள்ளி, காலை 12:04

திருப்புளி, அவர்கள் இன்னும் கப்பலையே பார்க்கவில்லை. சனிக்கிழமைதான் ஏறுகிறார்கள்.

திருப்புளி | காலை 12:06

ஏறின பிறகு வரும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கடற்காகம் (மூத்த உறுப்பினர்) | காலை 12:20

இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு நான்கு முறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 14 பயணம் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: கம்பெனி அனுப்பும் மெயிலை முழுசாகப் படிக்கிற பழக்கம் இருந்தால் பாதி இழைகள் இங்கே பிறந்தே இருக்காது. "கட்டாயம்" என்று உண்மையிலேயே எழுதியிருக்கிறதா? அந்த வரியை அப்படியே ஒட்டுங்கள், பார்க்கலாம்.

மரகதம்_அக்கா | காலை 12:31

கடற்காகம் சார், பையன் அப்பா அம்மாவை அனுப்புகிற பதற்றத்தில் கேட்கிறான். தம்பி, நீயும் கூடப் போகிறாயா, இரண்டு பேர் மட்டுமா? அதை நீ சொல்லவே இல்லையே.

அவசரக்குடுக்கை | காலை 12:40

மன்னிக்கணும் அக்கா, அவசரத்தில் விட்டுவிட்டேன். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், ஏழு இரவு. கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று பார்க்கிறேன், புக் செய்து கொடுத்தவர் இங்கேயே உலாவுகிற ஆள். அம்மா போன் ஆண்ட்ராய்டு 7. ப்ளே ஸ்டோரில் "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று வருகிறது, இன்ஸ்டால் பட்டனே இல்லை.

மெயிலில் இருக்கும் வரி: "பயணத்துக்கு முன் எங்கள் செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறோம்."

கடற்காகம் (மூத்த உறுப்பினர்) | காலை 12:43

வலியுறுத்துகிறோம். கட்டாயம் அல்ல. நன்றி, வணக்கம்.

நங்கூரம் | காலை 1:15

சரி, இப்போது விஷயம் புரிகிறது. போன் பழசு, ஆப்புக்கு வேண்டிய ஆண்ட்ராய்டு அதில் இல்லை. அதை நீங்கள் எவ்வளவு குடைந்தாலும் நடக்காது, தூங்கப் போங்கள். கேள்விக்கு வருகிறேன்.

ஏறுவதற்கு: பெரும்பாலான கம்பெனிகளில் செக்-இன் வேலையை இணையதளத்திலேயே முடிக்கலாம். பாஸ்போர்ட் விவரம், போட்டோ, வருகிற நேரம் எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்துவிட்டு போர்டிங் பாஸை காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். பெட்டியில் கட்டும் லக்கேஜ் டேகையும் சேர்த்து அச்சடியுங்கள். பெட்டியை ஒப்படைத்தால் கேபின் வாசலுக்கு வர மாலையாகிவிடும், அதனால் அப்பாவின் மாத்திரை, பாஸ்போர்ட் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். இது ஆப் சமாச்சாரம் இல்லை, ஆனால் ஆப்பைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு இதை மறந்துவிடுவீர்கள்.

ஏறிய பிறகு: கதவு திறப்பதும், வாங்கியதைக் கணக்கில் எழுதுவதும் கேபின் அட்டைதான். பிரின்சஸ் கம்பெனிக் கப்பல்களில் அட்டைக்குப் பதிலாக மெடாலியன் என்று ஒரு வில்லை, 2017-ல் கொண்டுவந்தார்கள். அதுவும் போன் இல்லாமலே கதவைத் திறக்கும். சாப்பாட்டு அரங்கில் க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் "அச்சடித்த மெனு இருக்கிறதா" என்று கேட்டால் போதும். கணக்கு எவ்வளவு ஆச்சு என்பதை வரவேற்புக் கவுன்டரில் கேட்கலாம், பல கப்பல்களில் கேபின் டிவியிலேயே தெரியும்.

ஆப் இல்லாததன் வலி ஒரே இடத்தில்தான்: நாடகம், தனி உணவகம், கரைச் சுற்றுலா ஆகியவற்றின் முன்பதிவு. ஆப் வைத்திருப்பவன் படுக்கையில் படுத்தபடியே இடம் பிடிப்பான், இவர்கள் கவுன்டரில் வரிசையில் நிற்க வேண்டும். வழி: நீங்களே இன்றைக்கு இணையதளத்தில் அவர்கள் கணக்கில் நுழைந்து வேண்டியதை பதிவு செய்துவிடுங்கள்.

வால்நட்சத்திரம் | காலை 7:02

இதெல்லாம் எதற்கு? இரண்டு வாக்கி-டாக்கி வாங்கிக் கொடுங்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். ஆப் என்னத்துக்கு?

மேல்தளம் | காலை 7:10

அவர் கேட்டது ஏற முடியுமா என்று! அப்புறம், கப்பல் முழுக்க இரும்பு. இரண்டு தளம் தாண்டினால் வாக்கி-டாக்கி கரகரவென்று இரையும், அவ்வளவுதான். வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டவன் சொல்கிறேன்.

மரகதம்_அக்கா | காலை 7:25

இரும்பு என்றதும் ஞாபகம் வந்தது. கேபின் கதவும் இரும்புதான், காந்தம் ஒட்டும். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு காந்தமும் சின்னக் குறிப்புத் தாள் கட்டும் கொண்டுபோவோம். உள்பக்கம் கதவில் "நீச்சல் குளம், 5 மணிக்கு வருவேன்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் தாளில் வெறும் "மேலே" என்று மட்டும் எழுதியிருந்தார். பதினாறு தளக் கப்பல், நாங்கள் இருந்தது ஐந்தில். அன்றைக்குத்தான் ஆப்பில் அரட்டை வசதி இருந்தால் தேவலை என்று நினைத்தேன். தம்பி, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதச் சொல். கேபினில் போனும் இருக்கும், கப்பலுக்குள் பேச அது போதும்.

சும்மா_வந்தேன் | காலை 7:40

"மேலே" 😂 நல்லவேளை, வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

காகிதப்பூ | காலை 8:15

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி கேபினில் ஒரு தாள் வைப்பார்கள், மறுநாள் எங்கே என்ன நடக்கிறது என்று. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேண்டியதைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு திரிவதுதான் கப்பல் பயணம். இப்போது பல கப்பலில் அதை நிறுத்திவிட்டு ஆப்பைப் பார் என்கிறார்கள். விடுமுறைக்குப் போனவர்கள் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறார்கள்.

மேல்தளம் | காலை 8:22

தாளில் போட்ட நிகழ்ச்சி மழையால் இடம் மாறினால் தாளுக்குத் தெரியுமா? ஆப்புக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான கேபினுக்குத் தினமும் அச்சடித்துக் குப்பையில் போடுவதில் என்ன பெருமை?

காகிதப்பூ | காலை 8:26

மழை பெய்தால் எனக்கும் தெரியும், தலையில் விழும்.

பாய்மரம்_02 | காலை 8:50

சண்டை வேண்டாம். நான் ஆறு வருடம் கப்பலில் வரவேற்புக் கவுன்டரில் இருந்தவன். நிறுத்திய கப்பலிலும் கேட்டால் பெரும்பாலும் ஒரு தாள் எடுத்துத் தருவோம். முதல் நாளே கேபின் பணியாளரிடம் "தினமும் ஒன்று வேண்டும்" என்று சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கவுன்டரில் நிற்பவர்களில் ஆப் இல்லாதவர்களைவிட ஆப் வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள்தான் அதிகம். காசு கட்டி இணையம் வாங்கினால்தான் ஆப் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டியதில்லை. கப்பல் வைஃபையில் சேர்ந்தால் போதும், பெரும்பாலான கம்பெனிகளின் ஆப் இலவசமாகவே ஓடும். வாட்ஸ்அப்தான் ஓடாது.

இன்னொன்று, கரையிலேயே போனை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்ய வேண்டும். நடுக்கடலில் கப்பலுக்கென்று ஒரு டவர் இருக்கிறது, சாட்டிலைட் வழியாகப் பேசும். அதைப் பிடித்துவிட்டால் ரோமிங் பில் வயிற்றைக் கலக்கும். உங்கள் அப்பாவின் பட்டன் போனையும் மறக்காதீர்கள், அதுவும் பிடிக்கும். அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

கட்டைவிரல் | காலை 9:30

பாதுகாப்பு ஒத்திகையும் ஆப்பில்தான் என்கிறார்களே? ஆப் இல்லாவிட்டால் அதற்கு என்ன செய்வது?

கடற்காகம் (மூத்த உறுப்பினர்) | காலை 9:41

இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. 2020-ல் ராயல் கரீபியன் கப்பல் கம்பெனி இந்தப் புது முறையை அறிவித்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி வெயிலில் நிற்க வைப்பதற்குப் பதிலாக, வீடியோவை நீங்களே பார்த்துவிட்டு, ஆபத்தில் கூட வேண்டிய இடமாக உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்குப் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். வீடியோ ஆப்பிலும் உண்டு, கேபின் டிவியிலும் உண்டு. பிறகு மற்றவர்களும் இதே மாதிரி மாறினார்கள். என் கருத்தைக் கேட்டால், இது கேலிக்கூத்து. வீடியோவை ஓடவிட்டுவிட்டு எல்லோரும் குளிக்கப் போகிறார்கள்.

பாய்மரம்_02 | காலை 9:58

பழைய முறையில் மட்டும் கவனித்தார்களா சார்? நானே லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக் காட்டியவன். எதிரே முன்னூறு பேர், அதில் இருநூறு பேர் பாருக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடற்காகம் (மூத்த உறுப்பினர்) | காலை 10:07

அதனால் விட்டுவிடலாமா? 2012 ஜனவரி 13, கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல். இத்தாலியின் ஜிலியோ தீவின் பாறையில் இடித்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை, மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தைத் திருத்தி, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 ஜனவரி 1 முதல் மாற்றினார்கள். இவ்வளவு விலை கொடுத்து வந்த விதியைப் போனில் வீடியோவாகச் சுருக்கினால் எனக்கு எரிகிறது.

பாய்மரம்_02 | காலை 10:19

எரிவது நியாயம். ஆனால் நேரில் கூடுமிடத்துக்குப் போவது இப்போதும் உண்டு, அங்கே அட்டையைப் பதிவு செய்யாதவர்களின் பட்டியல் எங்கள் கையில் வரும், கேபினுக்கு போன் போட்டு வரவழைப்போம். ஆபத்து வந்தால் ஆப் எதுவும் செய்யாது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் எங்கே போவது என்பது அப்பா அம்மாவின் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடுமிடத்தின் எழுத்து கேபின் அட்டையிலேயே இருக்கும், கேபின் கதவுக்குப் பின்னாலும் இருக்கும். முதல் நாள் படிக்கட்டு வழியாக ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள், லிஃப்டில் வேண்டாம்.

நங்கூரம் | காலை 10:45

கேட்டவரைக் காணோம். அவசரக்குடுக்கை, செக்-இன் முடித்தாச்சா?

வால்நட்சத்திரம் | காலை 11:30

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. போன் கரையில் இறங்கியதும் அந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பலின் நேரம் வேறாக இருக்கலாம். "போனில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி துறைமுகப் பாலத்தில் ஓடி வந்ததை மேல்தளத்திலிருந்து நாங்கள் எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம். அப்பா கைக்கடிகாரம் கட்டுபவரா? அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டுத் தொடாமல் இருக்கட்டும்.

மேல்தளம் | காலை 11:34

வாக்கி-டாக்கிக்கு இது பிராயச்சித்தம். நல்ல யோசனை.

அவசரக்குடுக்கை | வெள்ளி, மாலை 6:20

எல்லோருக்கும் நன்றி. இணையதளத்தில் செக்-இன் முடிந்தது, பிரிண்ட் எடுத்தாச்சு. நாடகத்துக்கும் இரண்டு இடம் போட்டுவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் பழைய போனில் ஆப்பை ஏற்றி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பெட்டி கட்டப் போகிறேன்.

திருப்புளி | மாலை 6:24

அந்தப் பழைய போனில் விளம்பரத் தடுப்பு ஏதாவது போட்டிருக்கிறீர்களா? தனிப்பட்ட டிஎன்எஸ் பார்த்தீர்களா?

திருப்புளி | இரவு 9:10

பார்த்தீர்களா?

அவசரக்குடுக்கை | திங்கள், இரவு 10:05

கரையிலிருந்து அம்மா கூப்பிட்டார். ஏறுவதில் ஒரு தொல்லையும் இல்லை, காகிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். அப்பா தினமும் கவுன்டரில் தாள் வாங்கி வட்டம் போடுகிறார். கதவில் காந்தம் ஒட்டுகிறதாம், மரகதம் அக்காவுக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார். முதல் நாள் ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம், கவுன்டரில் ஒரு பையன் எதையோ அணைத்துக் கொடுத்தானாம், இப்போது ஓடுகிறது.

திருப்புளி | இரவு 10:06

எதை அணைத்தான்?

திருப்புளி | செவ்வாய், காலை 6:30

அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். எதை அணைத்தான் என்று மட்டும்.

சும்மா_வந்தேன் | காலை 6:41

அடுத்த கரை வரைக்கும் பொறுங்கள் திருப்புளி.