ஆடி 18: அம்மா மண்டபத்தில் ஆற்றில் இறங்கவிடணுமா, ஷவரோடு நிறுத்தணுமா?

படித்துறைவாசி:
மேட்டூரில் லட்சம் கன அடி திறப்பு என்று டிவியில் ஓடினால் போதும், ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபம் படித்துறைக்குத் தடுப்பு கட்டி, குளிக்கக் கரையில் ஷவர் வைத்துவிடுகிறார்கள். 2024 ஜூலை கடைசியில் அணை 120 அடியைத் தொட்டபோதும் இதே பேச்சுதான். அந்தத் தண்ணீர் முழுதும் அம்மா மண்டபத்துக்கா வருகிறது? திருச்சிக்கு மேலே ஆறு பிரிகிற முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். தடை போடுபவர்கள் முக்கொம்பில் காவிரிக்குப் போகும் அளவைப் பார்க்கட்டும், மேட்டூர் அளவை அல்ல.

கன_அடி:
முக்கொம்புக் கணக்கு சரி. ஆனால் ஆபத்து கன அடியில் இல்லை சார், படியில் இருக்கிறது. ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். 0.4 தாண்டினால் குழந்தை நிற்காது என்பது வெள்ளப் பாதுகாப்பு வழிகாட்டிகளில் உள்ள அளவு. ஒரு மீட்டர் வேகத்தில் அரை மீட்டர் ஆழம், அதாவது பெரியவருக்கு முழங்கால் அளவு, அதுவே 0.5 ஆகிவிடும். புதுவெள்ளம் செந்நிறமாக வரும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. பாசி வேறு.

படித்துறைவாசி:
அளந்து பார்த்து முடிவெடுங்கள் என்றுதானே நானும் சொல்கிறேன்! கரையோரம் 10 மீட்டர் குறித்துக்கொண்டு வாழைமட்டைத் துண்டைப் போட்டால் வேகம் தெரிந்துவிடும். 20 நொடி எடுத்தால் அரை மீட்டர் வேகம். கணுக்கால் அளவுப் படியில் அந்த வேகம் யாரையும் இழுத்துவிடாது.

கன_அடி:
காலை 5 மணிக்கு அளந்தது 9 மணிக்குச் செல்லாது. மேட்டூர்த் தண்ணீர் இங்கே வர இரண்டு மூன்று நாள் ஆகும். முந்தாநாள் கூட்டித் திறந்திருந்தால் பூஜை நடக்கும்போதே மட்டம் ஏறும். மணிக்கொரு தடவை அளக்க ஆள் போடுவார்களா?

சிந்தாமணி:
போடலாம், பெரிய செலவில்லை. ஷவரே போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 ஷவர் வைத்தாலும், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் மணிக்கு 1,200 பேர்தான். ஆடி 18 காலைக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? வரிசை அம்மா மண்டபம் ரோடு வரை நீளும், அப்புறம் நெரிசல்தான் ஆபத்து. கீதாபுரம், அய்யாளம்மன், ஓடத்துறை என்று மற்றப் படித்துறைகளுக்குக் கூட்டத்தைப் பிரிக்காமல் எதைச் செய்தாலும் வீண்.

இன்னொன்று, கயிறு கட்டும் முறை. மணலில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டுகிறார்கள். நீரோட்டம் அடிமணலை அரித்ததும் கம்பு சாய்ந்துவிடும். கல்தூணில் கட்டணும். கீழ்ப்பக்கம் மிதவை கோர்த்த இரண்டாவது கயிறு வேண்டும், அதுவும் ஆற்றுக்குக் குறுக்கே நேராக அல்ல, கரைப்பக்க முனை நீர் ஓடும் திசையில் கீழே தள்ளி இருக்கும்படி சாய்வாக. நேராகக் கட்டினால் அடித்துவரப்படுபவர் நடுவில் வளைந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். சாய்வாக இருந்தால் நீரே அவரைக் கரைக்குத் தள்ளும்.

கன_அடி:
இரண்டாவது கயிறு ஒத்துக்கொள்கிறேன். அது கட்டி, தீயணைப்பு வீரர்களும் ரப்பர் படகும் நிற்கிற துறையில் மட்டும் பெரியவர்கள் இறங்கட்டும். பத்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குச் சொம்பில் மொண்டு ஊற்றினால் போதாதா?

மஞ்சள்கயிறு:
அண்ணே, பிள்ளைகளுக்கு அன்றைக்குக் குளியலா முக்கியம்? அவர்கள் இழுத்து விளையாடும் சப்பரம், அந்தச் சின்னத் தேர்தான். அதைப் படிக்கட்டு வரை இழுத்து வரவிடாமல் பக்கத்துத் தெரு ஒன்றை வண்டியில்லாமல் விட்டாலே பாதி நெரிசல் குறையும்.

நீங்கள் யாரும் பேசாத விஷயம் கல்யாண மாலை. புதுசாக் கட்டிக்கொண்ட ஜோடிகள் எடுத்துவைத்த மாலையை ஆற்றில் விடுகிறார்கள். இப்போது அதில் நைலான் நூல், ஜிகினா, தெர்மோகோல் உருண்டை. பூ மட்கும், நூல் காலைச் சுற்றும். காவிரிக்குப் படைக்கிற காதோலையும் பனையோலையில் வருவது குறைந்துவிட்டது.

படித்துறைவாசி:
கீழே வலை கட்டிப் பிடிக்கலாமே?

மஞ்சள்கயிறு:
ஒரு மணி நேரத்தில் மாலையும் துணியும் அடைத்துக்கொள்ளும், அந்த வலையே ஆளைப் பிடிக்கும். மேல்படியில் டிரம் வைத்து, பூவை உதிர்த்து ஆற்றில் விட்டுவிட்டு நூலை டிரம்மில் போடச் சொல்லணும். பக்கத்தில் நாலு கத்தரிக்கோல் சங்கிலியில் கட்டி வையுங்கள், இல்லையென்றால் முழு மாலையும் ஆற்றுக்குத்தான் போகும்.

சிந்தாமணி:
டிரம்மை ஏறும் வழியில் வைக்காதீர்கள், ஈரப்பூ மிதித்து வழுக்கும். இறங்குமுன் இடதுகை ஓரம் சரியாக இருக்கும்.