கத்திரி வெயிலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நடந்தது என்ன?

வேலூர் மருமகள்:
மதியம் மூன்று மணி இருக்கும். மாடி போர்ஷன், மேலே வெறும் தளம், உள்ளே எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையிலிருந்து "தண்ணி குடிச்சீங்களா அத்தை?" என்று கேட்கும்போதெல்லாம் "தாகமே இல்லம்மா" என்றுதான் பதில். காபிக்கு எழுப்பினேன். என்னைப் பார்த்து, "மாட்டை அவுத்துக் கட்டுடி, வெயில்ல நிக்குது" என்றார். எங்கள் வீட்டில் மாடு இருந்ததெல்லாம் என் கணவர் பள்ளிக்கூடம் போன காலத்தில். நெற்றியைத் தொட்டால் சுடுகிறது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "வேர்க்கவே இல்லையே, இது வெயில் இல்ல. வயசாச்சுல்ல, நினைவு தப்புது" என்றார். நான் 108-ஐக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் 105 டிகிரி காட்டியது. பிழைத்துவிட்டார். அந்த "வயசாச்சுல்ல" மட்டும் இன்னும் மனசை அறுக்கிறது.

கரூர் செல்வம்:
அப்பா ரேஷன் கடை வரிசையிலேயே சரிந்தார். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர். வெளியே போனால் ஒதுங்க இடம் கிடையாது என்று, கடைக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் தொட மாட்டார். விழுந்தபோதும் கார்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பத்தடி தள்ளி வேப்பமர நிழல். பெரியவரை அங்கே உட்கார வைப்போம் என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காவிரிக்கரை:
எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தாத்தா சித்திரை வெயிலில் களத்தில் நின்றவர். பானைத் தண்ணீர், நீர்மோர், இளநீர், இவை போதும். 108 எல்லாம் எதற்கு?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
காவிரிக்கரை, உங்கள் தாத்தா களத்தில் நின்றபோது என்ன வயது? வயதானால் தாகமும் குறையும், வியர்ப்பதும் குறையும். மாமியார் "தாகமே இல்லை" என்றது பொய்யில்லை. பெரியவர்களைப் பொறுத்தவரை கேட்டுக் கொடுக்கக் கூடாது, நேரம் வைத்துக் கொடுக்க வேண்டும். இளநீர் எல்லோருக்கும் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி கெட்டவர்களுக்கு ஆபத்து. உப்புப் போட்ட மோரும் இதய நோயாளிக்கு டாக்டரைக் கேட்டுத்தான். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் முதலில் 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, நாம் இன்னும் "சும்மா மயக்கம்" என்கிறோம்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பாட்டியின் நினைவு வருகிறது. தனியாக இருந்தவர். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபேனைப் போடவில்லை. பிள்ளை போனில் அழுதுகொண்டே, "ஃபேனைப் போடும்மான்னு தினமும் சொல்வேனே" என்றான். பாட்டி போய்ச் சேர்ந்திருந்தார்.

காவிரிக்கரை:
கிட்னி விஷயம் தெரியாது, சரி. ஆனால் ஓட்டு வீடும் திண்ணையும் இருந்தவரை இந்தப் பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

வேலூர் மருமகள்:
அது உண்மைதான் அண்ணா. அத்தையை இப்போது கீழ் போர்ஷனுக்கு மாற்றிவிட்டோம். செல்வம் அண்ணா, அத்தைக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. அப்பாவுக்கு அப்புறம் ஏதாவது மாத்திரையைக் குறைத்தார்களா, எதை?

கரூர் செல்வம்:
பெயர் சொன்னால் யாராவது தானாகவே நிறுத்திவிடுவார்களோ என்று பயம்மா. அத்தை போடும் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போய், "வெயில் காலத்துக்கு அளவு மாத்தணுமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். அப்பாவுக்கு அப்படித்தான் மாற்றினார்கள்.