'அட்டாக் ரேட்': 'தாக்கு வீதம்' போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கான கையேட்டில் 'அட்டாக் ரேட்' (நோய் வர வாய்ப்புள்ள 100 பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்ற கணக்கு) வருகிற இடமெல்லாம் 'தாக்கு வீதம்' என்று போட்டிருக்கிறோம். எனக்கு இரண்டு நெருடல். 'நோயின் தாக்கம் அதிகம்' என்று நாளிதழில் படித்துப் பழகியவர், தாக்கு வீதம் 60 என்றதும் கடுமையான நோய் என்று எடுத்துக்கொள்வார். ஒரே நாளில் தானாக அடங்கும் வயிற்றுப்போக்குக்கும் 60 வரலாம். அடுத்தது, இந்தக் கணக்கில் காலமே கிடையாது. 'வீதம்' என்றால் வட்டி வீதம் மாதிரி காலம் வேண்டாமா? 'நோய்ப்பங்கு' எனலாமா?

மேலூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

---

> 'வீதம்' என்றால் வட்டி வீதம் மாதிரி காலம் வேண்டாமா?

வேண்டாம் அம்மா. 'ஆளுக்கு 2 இட்லி வீதம்' என்கிறோம், 'சதவீதம்' என்கிறோம். எதில் காலம் இருக்கிறது? 'ரேட்' என்பதற்கு ஆங்கிலத்தார் வகுத்த இலக்கணத்தை வீதத்தின் தலையில் கட்டவேண்டியதில்லை. மாற்ற வேண்டியது 'தாக்கு'தான். 'பங்கு' என்றால் கிடா வெட்டிக் கூறு போடுகிற ஊரில் சிரிப்பார்கள்.

'நோய்கண்டோர் வீதம்' எப்படி? 'அம்மை கண்ட வீடு', 'காய்ச்சல் கண்டவர்' எல்லாம் நம் பக்கத்துப் பேச்சுதான்.

திருமங்கலம், தமிழாசிரியர்

---

ஐயா, 'கண்டோர்' காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் 'நோய் கண்டறிதல்' பக்கத்திலேயே நிற்கிறது, குழப்பும். ஏற்கெனவே நோயோடு இருப்பவர்களையும் 'நோய்கண்டோர்' என்பதில் சேர்த்து எண்ணிவிடுவார்கள். நமக்கு வேண்டியது புதிதாக நோய் வந்தவர்கள் மட்டும்.

எந்தச் சொல் வைத்தாலும் அதைப் படித்தவுடன் 'யாரில்?' என்ற கேள்வி எழ வேண்டும். களத்தில் கணக்கு கெடுவது அங்கேதான். கற்பனையாக ஒரு காதுகுத்து விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு, விடியற்காலையில் பலருக்கு வயிற்றுவலி, பேதி. 100 பேரை விசாரித்ததில் 48 பேருக்கு நோய். அவர்களில் 46 பேர் சோறு சாப்பிட்டவர்கள், 45 பேர் கறிக்குழம்பு, 24 பேர் பாயசம். படுத்திருப்பவர்களை மட்டும் பார்த்தால் சோறுதான் குற்றவாளி!

நன்றாக இருப்பவர்களையும் சேருங்கள். குழம்பு ஊற்றிக்கொண்டவர்கள் 75, அதில் 45 பேருக்கு நோய்: 60 சதவீதம். ஊற்றாதவர்கள் 25, அதில் 3: 12 சதவீதம். ஐந்து மடங்கு. சோறு சாப்பிட்ட 96 பேரில் 46, சாப்பிடாத 4 பேரில் 2: இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பாயசம் சாப்பிட்ட 50 பேரில் 24, சாப்பிடாத 50 பேரிலும் 24. சோறும் பாயசமும் தப்பின, மாட்டியது குழம்பு. குழம்பு ஊற்றாமலே நோய் வந்த அந்த 3 பேரை மறைக்கக் கூடாது. ஒரே கரண்டி பொரியலுக்கும் போயிருக்கலாம், சாப்பிட்டது மறந்திருக்கலாம், வேறு காரணத்தால் வந்த பேதியாகவும் இருக்கலாம்.

சாப்பிட்டு 8 முதல் 16 மணி நேரத்தில் வலியும் பேதியும், காய்ச்சலும் வாந்தியும் அரிது என்றால் 'குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்' என்ற பாக்டீரியா மீது முதல் சந்தேகம். அதன் வித்துகள் கொதியில் சாகா. பெரிய அண்டாவில் மூடிவைத்த குழம்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், பெருக அது போதும். 1 முதல் 6 மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கினால் வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

நன்றாக இருப்பவர்களை எங்கே தேடுவது? மருத்துவமனையில் கிடைக்க மாட்டார்கள். மொய் நோட்டை வாங்குங்கள்! ஊர்வாரியாகப் பெயர் இருக்கும். ஒரு பெயர் ஒரு குடும்பம் என்பதால் எத்தனை பேர் வந்து சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். வராமல் பணம் மட்டும் கொடுத்தனுப்பியவர்களை அடித்துவிட வேண்டும். மொய் எழுதாத சமையலாட்களையும் பந்தி பரிமாறியவர்களையும் சேர்க்க வேண்டும்.

யாரை நோயாளி என்பது என்ற வரையறையில் 'கறிக்குழம்பு சாப்பிட்டவர்' என்று எழுதவே கூடாது. எழுதினால் ஒப்பிடுவதற்கு ஆள் இருக்காது. விருந்தில் சாப்பிட்டவர், அடுத்த 72 மணி நேரத்துக்குள் வாந்தி, அல்லது ஒரே நாளில் 3 தடவைக்குக் குறையாமல் பேதி. அவ்வளவு போதும்.

என் பரிந்துரை 'நோய்பிடி வீதம்'. நோய் பிடித்தல் புதிதாக நிகழ்வது. முன்னால் 'உண்டார்', 'உண்ணார்' என்று சேர்த்தால் 'யாரில்' என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

மதுரை, நோய்ப்பரவியல்

---

'செகண்டரி அட்டாக் ரேட்', அதாவது முதல் நோயாளியோடு இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்ற கணக்கு, வரும்போது? 'இரண்டாம் நிலை நோய்பிடி வீதம்' என்றால், நோய் முற்றிய இரண்டாம் நிலை போலத் தொனிக்கிறதே.

மேலூரிலிருந்து

---

ஆமாம் அம்மா, அது ஆகாது. வீட்டுக்குள் பரவுவதற்கு 'வீட்டார் நோய்பிடி வீதம்' போதும். விடுதி என்றால் 'அறையார்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதிலும் தவறுவது கீழே போடும் எண்தான். மணல்வாரி (தட்டம்மை) கண்ட வீட்டில் 6 பேர். நோயைக் கொண்டுவந்தவர் 1, முன்பே மணல்வாரி வந்து போனவர்கள் 2. இந்த மூவரையும் கழித்தால் மிச்சம் 3. அதில் 2 பேருக்கு வந்தால் 3-இல் 2. 6-இல் 2 என்றோ 6-இல் 3 என்றோ எழுதுவது பிழை. முதலாமவருக்குத் தடிப்பு வந்த மறுநாளே இரண்டாமவருக்கும் வந்தால் அவர் முதலாமவரிடம் வாங்கியவர் அல்லர். மணல்வாரியில் தொற்றியதிலிருந்து தடிப்பு வர 7 முதல் 21 நாள் ஆகும். இருவரும் ஒரே இடத்தில் வாங்கியிருப்பார்கள், இருவரையுமே கழிக்க வேண்டும்.

மதுரை

---

'பேதி பிடிச்சிருச்சு' என்பது வழக்கில் இருப்பதால் 'பிடி'க்கு என் மறுப்பு இல்லை. 'உண்ணார்' என்பது மட்டும் நோன்பிருந்தவர் போல ஒலிக்கிறது. அட்டவணையில் உணவின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்: 'குழம்பு உண்டார்', 'குழம்பு உண்ணார்'.

திருமங்கலம்

---

சரி ஐயா. ஒவ்வொரு உணவுக்கும் ஒரு வரி. 'உண்டார்', 'உண்ணார்' இரண்டின் கீழும் 'மொத்தம்', 'நோயுற்றோர்', 'நோய்பிடி வீதம்' என்று மூன்று கட்டம். 'மொத்தம்' முதலில் வரட்டும், அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. 'தாக்கு வீதம்' பழக்கமானவர்களுக்காக முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை அடிக்குறிப்பில் தருகிறேன்.

மேலூரிலிருந்து