தவணை கேட்டு வந்தவர்கள்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கரிசல் அம்மா

குழுக்கடன் எடுத்தவர்களுக்கு வாரக் கூட்டம் எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குச் செவ்வாய். அன்று ஒருத்தி வரவில்லை, போனையும் அணைத்துவிட்டாள். அவள் பங்கையும் சேர்த்துப் போட்டால்தான் கிளம்புவேன் என்று வசூலுக்கு வந்த பையன் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை வரும் நேரம், மாமியாருக்கு மாத்திரை என்று மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கூட்டம் நடப்பதே என் வீட்டு வாசலில், நான் எங்கே நழுவுவது?

என் மகன் ஏழாவது. பக்கத்தில் உட்கார்ந்து தனிவட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். அசல் 5,000, வட்டி 8 சதவீதம், காலம் 3 ஆண்டு. இவன் ஆண்டை மாதமாக்கிப் பெருக்கி வட்டி 14,400 என்று எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பையன் நோட்டை வாங்கிப் பார்த்து, "தம்பி, காலத்தை வருஷத்துலயே வை" என்று சொல்லி, 1,200 வரும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நன்றாகவே சொல்லிக்கொடுத்தான், டியூஷன் அக்காவை விட. என் மகன் சும்மா இருக்காமல், "அண்ணே, அம்மா வாங்குன கடனுக்கும் இதே கணக்குதானா?" என்று கேட்டான். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "இல்லடா, அது வேற கணக்கு" என்றான்.

பணம் போட்டேன், அவன் போனான். வராதவள் பிறகு எனக்குத் திருப்பியும் கொடுத்துவிட்டாள். ஆனால் அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்

கிரெடிட் கார்டு. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்புகிறோம், மனைவி பக்கத்தில், பிள்ளைகள் பின்னால், போன் காரின் ப்ளூடூத்தில் இணைந்திருக்கிறது. அழைப்பு வந்ததும் ஸ்டீயரிங் பட்டனை அழுத்திவிட்டேன். கார் முழுக்க ஒரு பெண் குரல்: "சார், போன மாசம் மினிமம் ட்யூ கூட வரலையே சார், இன்னைக்குள்ள எவ்வளவு போட முடியும்?" நான் எந்தப் பட்டனை அழுத்தினாலும் குரல் அதிகமாகத்தான் ஆகிறது. கடைசியில் மனைவி போனையே பிடுங்கி அணைத்தாள்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. டோல்கேட் தாண்டியதும் மெதுவாக, "மினிமம்னா எவ்வளவு மாப்பிள்ளை?" என்றார். 3,000 என்றேன். "அப்ப மேக்சிமம்?" என்றார். வீடு வரும்வரை நான் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து எங்கள் வீட்டில் எதை வாங்கப் போனாலும் பெரிய மகள் "மினிமமா, மேக்சிமமா?" என்று கேட்கிறாள். சிரிக்கத்தான் செய்கிறோம்.

ஓய்வு பெற்ற காசாளர்

என் அனுபவம் சிறியது. கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு அம்மா மாதாமாதம் முந்தானையில் முடிந்த சில்லறையைக் கொட்டித் தவணை கட்டுவார். கடன் முடிந்த நாளில் "அப்ப இனிமே வரவேண்டாமா?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அவ்வளவுதான்.

இப்போது மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயம். நைட்ஷிப்ட் தம்பி, நிலுவை 60,000 என்று வையுங்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378. நீங்கள் கட்டும் மினிமம் 3,000. கழித்துப் பாருங்கள், அசலில் குறைவது 522 ரூபாய். இதற்கு நடுவில் கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால் அதற்கு வட்டியில்லா நாள் என்பதே கிடையாது, முழு நிலுவையையும் கட்டாதவரை வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதலில் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு வங்கியில் பேசி நிலுவையைத் தனிக்கடனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், வட்டி பாதிக்கும் கீழே வர வாய்ப்பு உண்டு.

கரிசல் அம்மா, உங்கள் மகன் கேட்டது மிகச் சரியான கேள்வி, அந்தப் பையன் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஃப்ளாட் வட்டி 12 சதவீதம் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மாதத்தவணையில் கடன் கொடுத்தால், மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது கிட்டத்தட்ட 21, 22 சதவீதம். நாம் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம், அவர்களோ முழு அசலுக்கும் வட்டி போடுகிறார்கள். அதனால்தான் 2024 அக்டோபரிலிருந்து வீட்டுக்கடன், நகைக்கடன் எதுவானாலும் எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி இவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, குழுக்கடன் வசூலுக்கு இரு தரப்பும் பேசி ஒரு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராவிட்டால்தான் அவர் வீட்டுக்கே போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு கூடாது. 2022 மார்ச்சில் வந்த விதி இது. மற்ற கடன்களுக்கு காலை 8 முதல் இரவு 7. வருகிறவரிடம் அடையாள அட்டை கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிற அளவுக்குக் குழுக்கடன் தரவே கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது.

பூக்கடை மகள்

காசாளர் ஐயா, கோபிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் தாளும் ரசீதும் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. அம்மாவுக்குத் தண்டல்தான். 10,000 என்று பேச்சு, கையில் 8,500, தினம் 100 வீதம் 100 நாள். உங்கள் ஃப்ளாட் வட்டியை இதற்குப் போட்டுப் பாருங்களேன். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது என்று பள்ளியில் படித்தேன். தினம் கட்டியதை டிக் அடிக்கும் தண்டல் அட்டை அதற்குப் பிறகும் எங்கள் வீட்டு சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

ஒரு மழை நாள். பூ வாங்க ஆளே இல்லை, எல்லாம் நனைந்து தொங்குகிறது. தண்டல்காரர் பைக்கை நிறுத்தினார். அம்மா பேசாமல் வெறும் கல்லாவைத் திறந்து காட்டினார். அவர் கூடையைப் பார்த்தார். "இருக்குற பூவை நூறு ரூபாய்க்குக் கட்டிக் குடு" என்றார். அம்மா கட்டிக் கொடுத்தார், அவர் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார், அம்மா வாங்கி அதே தாளை அவரிடமே நீட்டினார், அவர் அட்டையில் டிக் அடித்துவிட்டுப் பூவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். நான் அங்கேதான் நின்றேன். அவர் உதவினாரா, இல்லை ஒரு நாள் கூட விடாமல் பிடுங்கினாரா என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை. அம்மா "நல்ல மனுஷன்" என்கிறார். நாங்கள் பூவும் கொடுத்தோம், பணமும் கொடுத்தோம் என்கிறேன் நான். பூ எப்படியும் காலையில் அழுகியிருக்கும் என்கிறார்.

நைட்ஷிப்ட்

அம்மா சொல்வதுதான் சரி என்று படுகிறது. அழுகப்போகிற பூவுக்கு 100 ரூபாய் யார் தருவார்கள்?

பூக்கடை மகள்

கையில் வராத 1,500க்கும் சேர்த்துத் தினமும் கட்டினோமே, அதை விட்டுவிட்டு இந்த 100ஐ மட்டும் பார்க்கிறீர்கள்.

பழைய வசூல்காரன்

நான் அந்த வேலை பார்த்தவன். எல்லாரும் எங்களைத் திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காலையில் மீட்டிங்கில் பட்டியல் கையில் வரும். தவணை தவறி 30 நாள் தாண்டியது தனி, 60 தாண்டியது தனி, 90 தாண்டினால் வாராக்கடன், அது நடந்தால் நமக்குத்தான் பூசை. கரிசல் அம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்த பையன் கணக்கைக் கட்டாமல் கிளைக்குத் திரும்பினால் அவன் அங்கே நிற்க வேண்டும். சில இடங்களில் தன் சட்டைப் பையிலிருந்து போட்டுவிட்டுப் போன ஆட்களும் உண்டு. அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு வீடு. திங்கள்கிழமை போகிறேன், அந்த அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "நீங்க புதன்கிழமைதானே?" என்றார். எனக்குப் புரியவில்லை. உள்ளே சுவரில் தினசரி காலண்டர், பக்கத்தில் ஒரு அட்டை. திங்கள் ஒரு நிறுவனம், செவ்வாய் இன்னொன்று, புதன் நாங்கள், வெள்ளி மகளிர் குழு. அதே அட்டையில் கேஸ் புக்கிங், வேன் காசு, பால் கணக்கு, மகளுக்குப் பரீட்சைக் கட்டணம். எங்கள் பெயருக்கு நேராகக் குட்டையாய் மீசை வைத்த ஒரு முகம் வரைந்திருந்தது, அவருடைய சின்னப் பிள்ளையின் வேலையாக இருக்கும். எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் இருந்தும் அவ்வளவு தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை. அவர் ஒரு தவணை கூடத் தவறவிட்டவர் இல்லை, என் பட்டியலில் தப்பாக வந்த பெயர். "திங்கள் ஆளு இப்ப வருவாரு, ரெண்டு பேரும் வாசல்ல நிக்க வேணாம், போயிட்டு புதன் வாங்க" என்று அனுப்பிவிட்டார். நான் வெளியே வரும்போது திங்கள் ஆள் வந்துகொண்டிருந்தார், தெரிந்தவர்தான், இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

காசாளர் ஐயா சொல்லும் பாதி வருமான விதி காகிதத்தில் உண்டு. வீட்டு வருமானம் எவ்வளவு என்று யார் எழுதுகிறார்கள்? நாங்கள்தான் எழுதினோம்.

ஓய்வு பெற்ற காசாளர்

அதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த அம்மா சுவரில் நான்கு பெயர் இருந்திருக்காது.

பழைய வசூல்காரன்

நான்கு பெயர் இல்லாவிட்டால் அவர் அந்த நான்காவது பணத்துக்குப் பூக்கடைக்காரர் போன இடத்துக்குத்தான் போயிருப்பார் ஐயா.

தாமிரபரணி

நகைக்கடன் பற்றி யாரும் பேசவில்லையே. வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்போம், நகை இருக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான் வேண்டும். போன தடவை கிளையில் அப்படி முடியாது, அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி மீட்டு, பிறகுதான் புதிதாக வைக்க வேண்டும் என்றார்கள். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய வாரம். ஒரு இரவுக்கு அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

வங்கி வாசலில் பெஞ்சில் ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டியே அவரைக் கை காட்டினார். ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய். நான் கவுண்டரில் கட்டும்போது கூடவே நின்றார், மறுநாள் காலை நகையைத் திரும்ப வைக்கும்போதும் கூடவே நின்றார், பணம் வந்ததும் எண்ணிக்கொண்டார். நகையை மதிப்பிடும் அப்ரைசர் என் வளையலை உரைகல்லில் தேய்த்தபோது என்னைவிடக் கவனமாக அவர்தான் எட்டிப் பார்த்தார். என் கல்யாண வளையல் அது. அவர் பார்த்த பார்வைதான் எனக்குச் சகிக்கவில்லை. பணம் போனது கூடப் பரவாயில்லை.

ஓய்வு பெற்ற காசாளர்

அம்மா, நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒரு நாளைக்கு என்றால் மாதம் 30 வட்டி. ஒரு நாள்தானே என்று தோன்றும், இரண்டு லட்சத்துக்கு அது 2,000 ரூபாய். அடுத்த முறை கெடு முடியும் முன்பே நகையைப் பிரித்து இரண்டு மூன்று கணக்காக வையுங்கள். ஒவ்வொன்றாக மீட்டுத் திருப்பி வைத்தால் ஒரே நாளில் முழுத்தொகை தேட வேண்டாம், இருப்பதில் ஒன்றை மட்டும் மீட்கவும் முடியும். கெடு தேதியை அந்த அக்கா மாதிரிச் சுவரில் எழுதுங்கள், வங்கியின் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் அது காணாமல் போகும்.

தாமிரபரணி

பிரித்து வைப்பது நல்ல யோசனை. இதை எந்தக் கிளையிலும் யாரும் சொன்னதில்லை. செக்யூரிட்டி கை காட்டியதோடு சரி.

கரிசல் அம்மா

ஐயா, உங்கள் 9 முதல் 6 விதியைப் படித்தேன். எங்களுக்கு வருவது சாயங்காலம் நான்கரைக்கு, விதிப்படி சரியான நேரம். அதுதான் பள்ளி வேன் வரும் நேரம், தண்ணீர் வரும் நேரம். என்ன செய்யலாம்?

ஓய்வு பெற்ற காசாளர்

கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் குழுவும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்த நேரம் வேண்டாம், பதினோரு மணிக்கு வையுங்கள் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் அவர்கள் முத்திரையை வாங்குங்கள். இடத்தையும் மாற்றச் சொல்லுங்கள், எப்போதும் உங்கள் வாசலிலேயே ஏன்?

கரிசல் அம்மா

கையெழுத்துக்கு இன்று மூன்று வீடு போனேன். இரண்டு பேர் போட்டார்கள். மூன்றாவது, அன்றைக்கு வராதவள், பதினொன்று என்றால் அவளுக்குத் தையல் கம்பெனி வேலை, நான்கரைதான் வசதி என்கிறாள். நாளை மற்றவர்களிடம் கேட்கிறேன். இடத்தை மாற்ற மட்டும் எல்லாருக்கும் சம்மதம், யார் வீட்டுக்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை.