வீட்டு வைஃபையில் மட்டும் கடைப் பக்கம் திறக்கவில்லை, 'என்எக்ஸ்டொமைன்' என்று வருகிறது

பிறை_முறுக்கு:
வணக்கம். அக்கா பினாங்கு லிட்டில் இந்தியாவில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். தீபாவளி முன்பதிவுக்காகக் கடையின் அகப்பக்கப் பெயருக்கு முன்னால் 'ஆர்டர்' சேர்த்துப் புது முகவரி போட்டோம். கைப்பேசி டேட்டாவில் திறக்கிறது. வீட்டு வைஃபையில் மடிக்கணினி, கைப்பேசி எதிலும் திறக்கவில்லை. கடையின் பழைய முகப்புப் பக்கம் உட்பட மற்றதெல்லாம் வருகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய ஐபி எண்ணைத் தேடித் தரும் முறை) ஃப்ளஷும் செய்தாயிற்று. எங்கள் இணையச் சேவையையே பயன்படுத்தும் வாடிக்கையாளர் சிலருக்கும் இதே கதைதான்.

செந்தூல்_பையன்:
டிஎன்எஸ் சர்வரை கூகுளின் 8.8.8.8, இல்லாவிட்டால் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று மாற்றுங்கள் லா. எனக்கு எப்போதும் அதிலேயே சரியாகிவிடும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:
தம்பி சொல்வது உங்கள் வீட்டுக்குச் சரி. வாடிக்கையாளர் வீடு வீடாகப் போய் மாற்ற முடியுமா? என்எக்ஸ்டொமைன் என்றால் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது, 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று. யார் அப்படிச் சொல்வது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப் என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் முகவரியைப் போடுங்கள். அப்புறம் அதே வரியின் கடைசியில் 8.8.8.8 சேர்த்து இன்னொரு முறை.

பிறை_முறுக்கு:
முதலாவதில் பெயர் இல்லை என்கிறது. 8.8.8.8 சேர்த்தால் ஐபி எண் வருகிறது.

கிள்ளான்_குமரி:
அரசாங்கம் டிஎன்எஸ் கேள்விகளை உள்ளூர் சர்வர்களுக்கே திருப்பிவிடப் போவதாகச் சொன்னார்களே, அதுவாக இருக்குமோ?

பட்டர்வொர்த்_அண்ணன்:
இல்லைம்மா. அது 2024 செப்டம்பர் சமாச்சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்படித் திருப்பியிருந்தால் 8.8.8.8-க்குப் போகும் கேள்வியும் உள்ளூர் சர்வரிடமே போய், அதே 'இல்லை' வந்திருக்கும். இங்கே இரண்டு பதில் வருகிறது, பாருங்கள்.

பிறை_முறுக்கு, அந்த முகவரி வெளியே போனது எப்போது, டிஎன்எஸ் பதிவு சேர்த்தது எப்போது?

பிறை_முறுக்கு:
கியூஆர் போட்ட துண்டறிக்கை நேற்றுக் காலையே கடையில் கொடுக்கப்பட்டது. வடிவமைப்பாளர் பதிவைச் சேர்த்தது நேற்று இரவு.

பட்டர்வொர்த்_அண்ணன்:
அதுதான் விஷயம். பதிவு இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்திருக்கிறார். உங்கள் இணையச் சேவையின் டிஎன்எஸ் சர்வர் விசாரித்து, 'இல்லை' என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டது. இருக்கிற பதிலைப் போல இல்லாத பதிலையும் சர்வர்கள் சேமித்து வைக்கும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் இதைத்தான் வரையறுக்கிறது. அந்தச் சர்வர் பொதுவானது என்பதால் ஒருவர் அவசரப்பட்டதற்கு எல்லோரும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஃப்ளஷ் செய்தால் உங்கள் மடிக்கணினி நினைவில் இருப்பது மட்டும்தான் அழியும். 8.8.8.8 பதில் தருவதும் அது கெட்டிக்கார சர்வர் என்பதால் இல்லை, பழைய 'இல்லை' அதனிடம் தங்கவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பதை உங்கள் டொமைனின் (தளப் பெயரின்) அடிப்படை விவரங்கள் அடங்கிய எஸ்ஓஏ பதிவு சொல்லும். என்எஸ்லுக்அப்பில் வகையை எஸ்ஓஏ என்று கொடுத்து முதன்மைப் பெயரைக் கேளுங்கள். கடைசி வரியில் வரும் 'டீஃபால்ட் டிடிஎல்'தான் அந்த நேரம், விநாடிக் கணக்கில்.

பிறை_முறுக்கு:
86400. ஒரு நாள்!

பட்டர்வொர்த்_அண்ணன்:
அதிகம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் போதும் என்று அந்த ஆர்எஃப்சியே சொல்கிறது. வடிவமைப்பாளரை 3600 ஆக்கச் சொல்லுங்கள். ஆனால் ஏற்கெனவே சேமித்ததை அது மாற்றாது. இன்று இரவுக்குள் தானாகத் தெளிந்துவிடும். அதுவரை முகப்புப் பக்கத்திலேயே முன்பதிவுப் படிவத்தைப் போட்டு, அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

பிறை_முறுக்கு:
நன்றிண்ணே. முகப்பில் போட்டாயிற்று, அச்சு முறுக்குக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது.

செந்தூல்_பையன்:
அண்ணே, எனக்கு ஒரு தளம் 'சர்வ்ஃபெயில்' என்கிறது. இதுவும் காத்திருந்தால் சரியாகுமா?

பட்டர்வொர்த்_அண்ணன்:
அது வேறு தம்பி. பெயர் உண்டா இல்லையா என்றே சர்வரால் தீர்மானிக்க முடியவில்லை. பெரும்பாலும் அந்த டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் பதில் தராது, அல்லது பதில் போலியில்லை என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பம் கோணலாக இருக்கும். டொமைன் உங்களுடையதா? தனி இழை போடுங்கள், பார்ப்போம்.