கூந்தன்குளம் பறவையும் அல்வாவும் ஒரே நாள்ல முடியுமா?

வானம்பாடி மதுரை
வணக்கம், ஜனவரி கடைசில ஒரு சனிக்கெழம அம்மாவையும் எட்டாவது படிக்கிற பையனையும் கூட்டிட்டு திருநெல்வேலி பக்கம் இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போலாம்னு இருக்கேன். பையனுக்கு வரித்தலை வாத்து பாக்கணும், இமயமலையத் தாண்டி வர்ற பறவைன்னு கேட்டதுலேருந்து அதே பேச்சுதான். அம்மாவுக்கு திருநெல்வேலி அல்வா, அதுவும் டப்பால அடைச்சது இல்ல, சூடா சாப்பிடணுமாம். எதை முதல்ல வச்சுக்கிறது? நடுவுல மத்தியானம் எங்க போறது? கார்லதான் வர்றோம்.

தாமிரபரணி தம்பி
அக்கா, காலைல பறவை சாயங்காலம் அல்வா, இத மட்டும் மாத்தாதீங்க. வரித்தலை வாத்து ராத்திரி வயல்ல மேஞ்சிட்டு பகல்ல தண்ணியில வந்து கெடக்கும், வெயில் ஏறிட்டா தண்ணி மேல கானல் அடிச்சு பைனாகுலர்ல ஒண்ணும் தெளிவா தெரியாது, அதனால விடிஞ்சதும் கரைல நிக்கணும். குளத்தப் பாத்துட்டு ஊருக்குள்ளயும் நடங்க. வீட்டு வாசல்ல நிக்கிற மரத்துலயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாத ஊரு அது. தெருவுல ஹாரன் அடிக்காம காரை வெளியவே நிறுத்திட்டுப் போங்க.

அல்வாவுக்கு நெல்லையப்பர் கோயில் பக்கம் இருட்டுக்கடைன்னு ஒரு கடை, சாயங்காலம்தான் தெறப்பாங்க, சரக்கு தீந்தா அவ்ளோதான், முன்கூட்டியே வரிசைல நின்னுருங்க. சம்பா கோதுமைய ஊறவச்சு ஆட்டி பால் எடுத்து சீனியும் நெய்யும் விட்டு கிண்டுறது, தொண்டைல வழுக்கிட்டு போகும். அம்மாவுக்கு அங்கயே நின்னு சூடா ஒரு துண்டு வாங்கிக் குடுங்க, வீட்டுக்கு வந்து ஆறுனப்புறம் சாப்பிடுறது வேற ருசி.

சாத்தான்குளத்து மருமக
மத்தியானத்துக்கு நான் சொல்றேன், எங்க சாத்தான்குளம் பக்கத்துல முதலூர் வாங்க! மஸ்கோத் அல்வான்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நெய்யே கெடையாது, தேங்காப்பால்லயே கிண்டுறது, கொதிக்கக் கொதிக்க பால்லேருந்து எண்ணெ பிரிஞ்சு அதுலயே வெந்து வரும், முந்திரி போடுவாங்க. நெல்லை அல்வா மாதிரி வழுக்காது, கொஞ்சம் ஜவ்வு மாதிரி கடிக்கணும். நான் கல்யாணமாகி வந்தப்ப மொத தடவ சாப்பிட்டதும் இவ்ளோ நாள் இது தெரியாமப் போச்சேன்னு ஆயிருச்சு. கூந்தன்குளத்துலேருந்து மூலைக்கரைப்பட்டி, சாத்தான்குளம்னு கேட்டுட்டே வந்தா போதும். அப்படியே பக்கத்துல தேரிக்காட்டு செம்மண் மேட்டையும் பையனுக்கு காட்டிரலாம்.

குளத்தங்கரை
ஒரு விஷயம் யாரும் சொல்லல, கெளம்புறதுக்கு முன்னாடி குளத்துல தண்ணி இருக்கான்னு விசாரிங்க. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணியும் வந்தாத்தான் அங்க பறவை, பொய்த்த வருஷம் நான் போய் வெறும் சேத்தப் பாத்துட்டுத் திரும்பிருக்கேன். தண்ணி இருந்தும் வாத்து கண்ணுல படலைன்னா விஜயநாராயணம் பெரியகுளத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க, வாத்துக் கூட்டம் குளம் மாறி மாறி எறங்கும். பையனுக்கு இவ்ளோ ஆர்வம்னா 2011லேருந்து வருஷா வருஷம் ஜனவரியில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, அதுல தன்னார்வலரா சேத்துவிடுங்க, பெரியவங்க கூட நின்னு எண்ணிப் பழகுனா பேரு தன்னால மனசுல நிக்கும்.

அப்புறம் கூட்டுக்கு அடில நின்னு கை தட்டி பறவையக் கெளப்பி போட்டோ எடுக்கிறவங்களப் பாத்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, தாய்ப் பறவை எழும்பிட்டா குஞ்சு வெயில்ல கெடந்து துடிக்கும்.

வானம்பாடி மதுரை
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மஸ்கோத்னதும் அம்மா, ஆமாடி சின்ன வயசுல உங்க தாத்தா திருச்செந்தூர் போயிட்டு வர்றப்ப வாங்கிட்டு வருவாரு, பேரு மறந்துபோச்சுன்னு சொல்றாங்க, இப்ப அவங்களுக்கு முதலூர்தான் முக்கியமாயிருச்சு. பையன் இப்பவே நோட்டுல கோடு போட்டு வச்சுட்டான், ஒரு பக்கம் பறவை பேரு, இன்னொரு பக்கம் அல்வா. தண்ணி விசாரிச்சுட்டு தேதி சொல்றேன்.

சாத்தான்குளத்து மருமக
அம்மாவ கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, கிண்டுற நேரம் கேட்டு வைக்கிறேன்.